தூக்கம் மூதேவியா?

நமது நாட்டில் பசித்தவன் சாப்பிட்டால் அவனை யாரும் குற்றம் சொல்லுவதில்லை. தாகமெடுத்தவன் தண்ணீர் குடித்தால் அவனைப் பார்த்து யாரும் முகஞ்சுளிப்பதில்லை. ஆனால் தூக்கம் வந்தவன் தூங்கினால் மாத்திரம் அவனுக்கு மூதேவி பிடித்துவிட்டதாகச் சொல்லி விடுகின்றோம். சீதேவிக்கு மூத்தவளாக ஒரு மூதேவியைக் கற்பித்து, தரித்திரத்தையும் தூக்கத்தையும் அவள் கணக்கில் எழுதி வைத்திருக்கின்றோம். தூங்குகின்ற பிள்ளையை எழுப்பும் பெற்றோர் வாயிலிருந்து காலையில் முதன்முதல் புறப்படும் வார்த்தை அநேக வீடுகளில் இந்த மூதேவி என்கின்ற வார்த்தையாகவே இருந்து வருகின்றது.

இது ஒரு சாதாரண வசவுதானே என்று தள்ளிவிட நமக்கு இஷ்டமில்லை. ஏனென்றால் இந்த வசவுக்குள் ஒரு பெரிய அபிப்பிராயம் அடங்கியிருக்கின்றது. அதாவது, தூங்குவது குற்றம், விழித்திருப்பது புண்ணியம், குறைவாய்த் தூங்குகிறவன் கெட்டிக்காரன், நிறையத் தூங்குகிறவன் உதவாக்கரை என்பதாகும். இந்த அபிப்பிராயத்தினால் நமது வாலிபர்களுடைய மூளைக்கு என்ன கேடு விளைகின்றது என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் எழுதத் துணிந்தோம்.

புராணக்காரர்கள் கும்பகர்ணன் என்னும் ராட்சதனுக்குத் தூக்கத்தைக் கொடுத்தார்கள். லட்சுமணன் என்னும் உத்தமனுக்கு 14 வருஷம் தூங்காத பெருமையைக் கொடுத்தார்கள். ராட்சதன் என்றால் தூங்குவான், உத்தமன் என்றால் தூங்கமாட்டான் என்பது அவர்கள் தீர்ப்பு. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. 14 வருஷத் தூக்கத்தைச் சும்மா விட்டுவிட முடியாது என்பது கதை கட்டினவர்களுக்கே தெரிந்திருக்கின்றது. ஆகவே லட்சுமணனுடைய பங்கையும் சேர்த்து அவன் மனைவி ஊர்மிளை தூங்கித் தீர்த்தாள் என்று ஒரு கதையும் வழங்கி வருகின்றது. தூக்கம் என்பது ஒரு கடன், அதை யாராவது கொடுத்துத் தீரவேண்டும் என்கின்ற அளவுக்கு அவர்களுக்கும் புத்தி இருந்திருக்கின்றது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தூங்குவதற்கு எந்த ஊர்மிளையும் கிடையாது. அவனவன் கடனை அவனவன் மூளைதான் கொடுத்தாக வேண்டும்.

நிற்க, தூங்காமல் இருந்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதைப் புராணத்தில் தேட வேண்டியதில்லை. பிரத்தியட்சமாகச் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். 1896-ம் வருஷத்திலேயே அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மூன்று வாலிபர்களை 90 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். நாளாக நாளாக அவர்களுக்கு ஞாபகம் குன்றிற்று, கவனம் சிதறிற்று. அவர்களில் ஒருவருக்குத் தரையின் மேல் இல்லாத பொருள்கள் ஊர்வதாகக் கண்ணுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நம் ஊராய் இருந்தால் இதைப் பேய் பிடித்தது என்றோ, சாமி வந்தது என்றோ சொல்லி வேப்பிலையைத் தேடி இருப்பார்கள். அங்கே அவருக்குக் கிடைத்த வைத்தியம் தூக்கந்தான்.

1963-ம் வருஷக் கடைசியில் சான்டியாகோ நகரத்தில் ராண்டி கார்ட்னர் என்கின்ற 17 வயதுப் பள்ளிக்கூட மாணவன் விஞ்ஞானக் கண்காட்சிக்காகத் தூங்காமல் இருக்க ஆரம்பித்து, 264 மணி நேரம், அதாவது 11 நாள் விழித்திருந்தான். பதினோராவது நாள் அவனை 100-லிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரும்படி கேட்டார்கள். 65 வரையில் வந்து நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோய்விட்டதாகச் சொன்னான். இம்மாதிரியான போட்டியால் வரும் ஆபத்தை உத்தேசித்து, உலக சாதனைகளைப் பதிவு செய்யும் கின்னஸ் புத்தகத்தார் பிற்காலத்தில் இதைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் ஆபத்து என்று கைவிட்ட காரியத்தை நாம் வைகுண்ட ஏகாதசி, சிவராத்திரி என்னும் பேரால் புண்ணியம் என்று செய்து வருகின்றோம். ஒரு ராத்திரி விழிப்பினால் ஒருவன் பைத்தியமாகிவிட மாட்டான் என்பது உண்மைதான். ஆனால் விழித்திருப்பதே ஒரு யோக்கியதை என்கின்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் விதைக்கப்படுவது இப்படித்தான் என்பதை மாத்திரம் சொல்லிக்கொள்ளுகின்றோம்.

இவற்றைக் கேட்ட தோழர்கள் சிலர், “11 நாள் தூங்காமல் இருப்பவன் யார்? நாங்கள் தினம் ஐந்து மணியோ ஆறு மணியோ தூங்கத்தானே செய்கின்றோம்? அது எங்களுக்குப் பழகிவிட்டது, ஒரு குறையும் தெரியவில்லையே” என்று சொல்லக்கூடும். நாம் முக்கியமாகப் பதில் சொல்ல வேண்டியது இந்த ஆட்சேபணைக்கேயாகும்.

2003-ம் வருஷம் பென்சில்வேனியா சர்வகலாசாலை நிபுணர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 21 முதல் 38 வயது வரையுள்ள, நோய் நொடியில்லாத 48 பேர்களை ஆராய்ச்சிசாலையிலேயே தங்க வைத்தார்கள். ஒரு கூட்டத்தாருக்கு ராத்திரி 8 மணி நேரம் படுக்கை, மற்றொரு கூட்டத்தாருக்கு 6 மணி, இன்னொரு கூட்டத்தாருக்கு 4 மணி என்று ஏற்படுத்தி 14 நாள் அப்படியே நடத்தினார்கள். வேறொரு கூட்டத்தாரை 3 நாள் அடியோடு தூங்கவிடாமல் வைத்தார்கள். எல்லோரையும் அடிக்கடி பரீட்சித்துக்கொண்டே வந்தார்கள். பரீட்சை என்றால் பெரிய கணக்கல்ல. எதிரில் ஒரு அடையாளம் தோன்றினவுடன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும் என்பது போன்ற சிறு காரியங்கள்தாம். எட்டு மணிக் கூட்டத்தார் அநேகமாய் நிதானமாகவே இருந்தார்கள். மற்றவர்களோ நாளுக்கு நாள் கீழே போய்க்கொண்டே இருந்தார்கள். 14 நாள் முடிவில், 6 மணியும் அதற்குக் குறைவாயும் படுத்தவர்களுடைய மூளையின் நிலை, இரண்டு ராத்திரி வரையில் கண்ணையே மூடாதவர்களுடைய நிலைக்குச் சமமாய்ப் போய்விட்டது.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று அதில் வெளியாயிற்று. உனக்கு எவ்வளவு தூக்க மயக்கமாய் இருக்கின்றது என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாள்களில் அதிகமாய் இருப்பதாகச் சொன்னவர்கள் பிறகு பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்றே சொல்லி வந்தார்கள். அதாவது மூளையின் வேலை தினந்தினம் கெட்டுக்கொண்டே போயிற்று, கெடுகின்றது என்கின்ற உணர்ச்சி மாத்திரம் நின்றுவிட்டது. ஆகவே பழகிப்போனது தூக்கக்குறைவு அல்ல. தன் குறையைத் தானே அறியாமல் இருப்பதுதான் பழகிப்போகின்றது.

தோழர்களே, நாம் எத்தனையோ விஷயங்களில், “அனுபவத்தில் கண்டேன், ஆகையால் உண்மை” என்று சொல்லுகிறவனிடம், “உன் அனுபவத்தைச் சோதனைக்குக் கொண்டுவா” என்று கேட்டு வருகின்றோம். தாயத்துக் கட்டியவன் காய்ச்சல் தீர்ந்தது என்று சொன்னால் நம்பமாட்டோம் என்கின்றோம். அந்த நியாயம் நம்முடைய தூக்கத்தின் விஷயத்தில் மாத்திரம் எப்படிப் பொருந்தாமல் போகும்? அளந்து பார்க்கவேண்டிய கருவியாகிய மூளையே கெட்டிருக்கும்போது, அந்த மூளையைக் கொண்டே “நான் சரியாய் இருக்கின்றேன்” என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்வது, பழுதான தராசைக் கொண்டே தராசு சரி என்று நிறுத்துக் காட்டுவது போலல்லவா ஆகும்?

இதற்கு மற்றொரு அளவுகோலும் இருக்கின்றது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனுடைய கையும் கண்ணும், ரத்தத்தில் நூற்றுக்கு 0.05 பங்கு சாராயச் சத்து ஏறினவனுடைய கையும் கண்ணும் போல ஆகிவிடுகின்றன என்று கண்டார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லையோ 0.03 தான். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பப்பட்ட மாணவனுக்கு ராத்திரி 9 மணியோடு 17 மணி நேரம் முடிந்துபோகின்றது. அதற்குமேல் 12 மணி வரையில் அவனைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்கின்ற தகப்பனார், தன் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சாராயத்தைக் கொடுத்துப் படி என்று சொல்லுவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

இனி, தூங்கும்போது மூளையில் என்னதான் நடக்கின்றது என்று பார்ப்போம். தூக்கம் என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டின வீடு போல மூளை சும்மா இருக்கின்றது என்று வெகுகாலம் நினைத்துக் கொண்டிருந்தார்கள். 1953-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்பவர்கள், தூங்குகிறவனுடைய கண்விழிகள் சில வேளைகளில் மூடின இமைக்குள் வேகமாய் அசைவதையும், அப்போது மூளை விழித்திருக்கும்போது போலவே சுறுசுறுப்பாய் இருப்பதையும் கண்டு வெளியிட்டார்கள். ஒரு ராத்திரிக்குள் மூளை ஆழ்ந்த தூக்கத்துக்கும் இந்தக் கண்ணசையும் தூக்கத்துக்குமாக முறை முறையாய்ப் பல தடவை போய் வருகின்றது. விடியப்போகின்ற மணி நேரங்களில் கண்ணசையும் தூக்கமே அதிகம். ஆகையால் விடியற்காலையில் இரண்டு மணி நேரத்தைப் பிடுங்குகிறவர்கள் இதையே பெரும்பாகம் பிடுங்கி விடுகின்றார்கள்.

படித்ததை மனதில் நிறுத்துவதும் தூக்கத்தின் வேலையேயாகும். 1924-லேயே கார்னெல் சர்வகலாசாலையில் இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத சில எழுத்துக் கூட்டங்களை நெட்டுருப் போடச் செய்து சோதித்தார்கள். 8 மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு பாதிக்கு மேல் சொன்னார்கள். அதே 8 மணி நேரம் விழித்திருந்த பிறகு கேட்டால் சுமார் பத்தில் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி முழுதும் கண்விழித்துப் படிக்கின்ற பிள்ளை, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைக்கின்றான் என்பதல்லாமல் வேறென்ன?

கோபதாபங்களின் சங்கதியும் இப்படியே. 2007-ல் அமெரிக்காவில் 18 முதல் 30 வயதுள்ளவர்களைச் சுமார் 35 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, மனதை உறுத்தும் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். பயம், கோபம் முதலியவை எழுகின்ற பாகம், தூங்கினவர்களுக்கு இருப்பதைவிட 60 சதவிகிதம் அதிகமாய்க் கொதித்தெழுந்தது. அதை அடக்கி நிதானிக்கச் செய்கின்ற முன்மூளையோடு அதற்குள்ள தொடர்போ தளர்ந்து போயிருந்தது. இந்த முன்மூளையானது மனிதனுக்கு 25 வயது சுமாருக்குத்தான் பூரணமாய் முதிர்கின்றது. நிதானம் முதிர்ந்து வருகின்ற வயதில் நிதானத்துக்கு வேண்டிய தூக்கத்தைப் பறித்துவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை” என்று பெரியவர்கள் குறை சொல்லுவதில் என்ன நியாயம் இருக்கின்றது?

இப்படியெல்லாம் சொல்லுவதனால் தெரிந்ததற்குமேல் பயமுறுத்தவும் நமக்குச் சம்மதமில்லை. 2013-ல் ராச்செஸ்டர் சர்வகலாசாலையில் எலிகளைச் சோதித்தவர்கள், தூக்கத்தில் மூளை தன் கழிவுகளைக் கழுவி வெளியேற்றுவதாகச் சொன்னார்கள். 2024-ல் லண்டனில் எலிகளைச் சோதித்த வேறு சிலர், அப்படியல்ல, தூக்கத்தில் அந்தக் கழுவல் குறைகின்றது என்றார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. அதுபோலவே 2021-ல் பிரிட்டிஷ் சர்க்கார் சிப்பந்திகள் சுமார் 8000 பேரை 25 வருஷகாலம் கவனித்த ஆராய்ச்சியில், 50 வயதில் 6 மணியோ அதற்குக் குறைவாகவோ தூங்கி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அறிவு மழுங்கும் நோய் அதிகமாய்க் காணப்பட்டது. ஆனால் அது 20 வயதுப் பிள்ளைகளைப் பற்றினதல்ல. குறைந்த தூக்கமே அந்நோய்க்குக் காரணம் என்று அதைக்கொண்டு மாத்திரம் முடிவுகட்டவும் முடியாது. அன்றியும் தூக்கம் அதிகமாக அதிகமாக மூளை வளரும் என்றும் யாரும் எண்ணவேண்டாம். தினம் ஒன்பது பத்து மணிக்குமேல் தூங்கியும் களைப்புத் தீராதவனுக்கு வேறு நோய் இருக்கக்கூடும். அவன் வைத்தியரிடம் போகவேண்டும். 2015-ல் அமெரிக்கத் தூக்க வைத்திய நிபுணர்கள் கூடி ஆராய்ந்து சொன்ன முடிவு, 18 முதல் 60 வயது வரையுள்ளவர்கள் தினம் 7 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும் என்பதாகும். 25 வயதுக்கு உட்பட்ட வாலிபர்களுக்கு 7 முதல் 9 மணி என்று மற்றொரு சபையாரும் அதே வருஷம் சொல்லி இருக்கின்றார்கள்.

அப்படியானால் இந்த 7 மணி நேரம் நமது வாலிபர்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று அவர்கள்மீது பழி சுமத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்கு மாத்திரம் வருவதில்லை. தூக்கம் தானாய்க் குறைவதில்லை, பிறரால் எடுத்துக்கொள்ளப்படுகின்றது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலாவது, பள்ளிக்கூடமும் பரீட்சையும். பிராயம் வந்த பிள்ளைகளுக்கு உடலுக்குள் இருக்கும் கடிகாரம் சற்றுப் பின்தங்கி ஓடுகின்றது. ராத்திரி தூக்கம் தாமதித்து வருகின்றது, காலையில் தாமதித்தே கலைகின்றது. இது பிள்ளையின் குற்றமல்ல, வயதின் குணம். இதை உத்தேசித்தே கலிபோர்னியாவில் 2019-ல் சட்டம் செய்து, 2022 முதல் உயர்தரப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்று ஏற்படுத்தினார்கள். நம் ஊரிலோ விடியற்காலையில் ட்யூஷன், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடியும் ட்யூஷன் என்று பிள்ளைகளைச் செக்குமாடு போல் சுற்றவிட்டு, கடைசியில் அவர்களுக்கு ஞாபகசக்தி வருவதற்காக சரஸ்வதிக்கு அர்ச்சனை செய்கின்றோம்.

இரண்டாவது, ஆலையும் கம்பெனியும். நூல் மில்களில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் கிராமத்துப் பெண்களும், கடல் கடந்த தேசத்தின் பகலுக்காக நம் தேசத்தின் இரவில் டெலிபோனில் பேசிப் பிழைக்கும் பட்டணத்து வாலிபர்களும் ஒரே நஷ்டத்தையே அடைகின்றார்கள். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் எவ்விதம் ஓடுகின்றது என்பதைக் கண்டுபிடித்ததற்காக 2017-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. பகலில் படுத்தால் அந்தக் கடிகாரமும் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தூக்கத்தைக் குறைத்துவிடும். சம்பளம் என்று அவர்கள் வாங்குவதில் ஒரு பாகம் தூக்கத்தின் விலையேயாகும்.

8 மணி வேலை, 8 மணி ஓய்வு, 8 மணி நம் இஷ்டம் என்று கேட்டு, 1886-ல் சிக்காகோ தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். 1923-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி தோழர் சிங்காரவேலர் சென்னையில் அந்த நாளைக் கொண்டாடினார். அந்த ஓய்வு என்கின்ற வார்த்தைக்குத் தூக்கம் என்றுதான் அர்த்தம். அதற்குச் சரியாய் 100 வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும் ஒரு மசோதா நமது சட்டசபையிலேயே நிறைவேறிற்று. தொழிலாளர் எதிர்ப்பினால் அந்த மே மாதம் முதல் தேதியே அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. 12 மணி வேலையும் போகவர 2 மணியும் கழித்தால் மிஞ்சுவது 10 மணி. அதற்குள் சமைத்து, உண்டு, குளித்து, குழந்தையைப் பார்த்து, பிறகு தூங்குவது எவ்வளவு என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மூன்றாவது, வீடு. புருஷனுக்குப் பின் படுத்து முன் எழுந்திருப்பதே பத்தினிக்கு லட்சணம் என்று நம் பெண்களுக்குப் போதித்து வைத்திருக்கின்றார்கள். 22 வயதில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கும் மூளை என்று ஒன்று உண்டு என்பதும், அதற்கும் 7 மணி நேரம் வேண்டும் என்பதும் இந்தப் போதனை செய்தவர்கள் கணக்கில் இல்லை. ஆண்பிள்ளைக்குத் தூக்கம் குறைந்தால் உழைப்பாளி என்கின்ற பேராவது மிஞ்சுகின்றது. பெண்ணுக்கோ அது கடமை என்று சொல்லப்படுவதால் அந்தப் பேரும் இல்லை.

நான்காவது, நம் கையிலேயே இருக்கும் செல்போன். மேற்சொன்ன மூன்றும் பிறர் பறிப்பது. இது நாமாக எடுத்துக் கொடுப்பது. பிறரைக் கேட்கும் யோக்கியதை நமக்கு வரவேண்டுமானால் முதலில் இதைப் படுக்கையை விட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

ஆகவே, பெற்றோர்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், பிள்ளையை எழுப்புகிற மணியைப்பற்றிக் கவலைப்படுவது போல் படுக்கிற மணியைப்பற்றியும் கவலைப்படுங்கள். நான்கு மணிக்கு எழுப்புவது கட்டாயமானால் ஒன்பது மணிக்காவது படுக்க விடுங்கள். புருஷர்கள் வீட்டு வேலையில் பாதியை ஏற்றுக்கொண்டு பெண்களைத் தூங்க விடட்டும். தொழிலாளிகள் கூலியைக் கேட்கும்போதே ஓய்வையும் கேட்கட்டும். வாரம் முழுதும் விழித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தூங்கித் தீர்த்து விடலாம் என்றும் நம்ப வேண்டாம். 2003-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு வாரம் குறைவாய்த் தூங்கினவர்களை 3 நாள் 8 மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தும் அவர்கள் பழைய நிலைக்கு முழுதும் திரும்பவில்லை. படுத்தும் தூக்கம் வராதவர்கள் மந்திரித்த கயிற்றைத் தேடாமல் வைத்தியரைத் தேடட்டும்.

வாலிபத் தோழர்களே! எதையும் கேள்வி கேள், சோதித்துப் பார், பிறகு நம்பு என்கின்றோம். கேள்வி கேட்பதும் சோதிப்பதும் மூளையின் வேலை. தூக்கங் கெட்ட மூளை எதையும் கேள்வி கேட்காது. சொன்னதைக் கேட்கும், அல்லது வீணாய்க் கோபித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட மூளை யாருக்கு வேண்டும் என்றால், நம்மை ஏய்த்துப் பிழைக்கின்றவர்களுக்குத்தான் வேண்டும். நாளைக் காலையில் உங்களை யாராவது மூதேவி என்று சொல்லி எழுப்பினால், நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்க விட்டீர்கள் என்று மரியாதையாய் அவர்களை ஒரு கேள்வி கேளுங்கள்.